வெண்கலக் குதிரைக்காரன்

தேக்கா, சிங்கப்பூர்
1922 பிப்ரவரி 6

மருதப்பனுக்கு,

சேதுபதி எழுதுவது. இன்று காலை கப்பலடியில் உன்னை, "என்னடா அசமந்தமா நிக்கிற, மூட்டையைத் தூக்கு" என்று ஏசிய அதே சேதுபதிதான். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வேலை வாங்குகிற மண்டோர் என்று ஒருவன் இருந்தால் கூலியாட்களை நாலு பேர் முன்னால் ஏசத்தான் வேண்டும். ஆட்கள் நடுவில் உன்னோடு நின்று பேச முடியாது. வீட்டுக்கு வா என்று சொல்லவும் முடியாது, காரணம் உனக்கே தெரியும். அதனால்தான் தபால். நீயும் பதிலைத் தபாலிலேயே போடு, கையில் கொண்டுவந்து நீட்டாதே.

ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கிற நோட்டீசை நீ பார்த்திருக்கிறாய். பெரிய யுத்தத்தில் சேவகம் செய்து ராஜா பதக்கம் வாங்கியவர்கள் இனி வேலை நேரத்திலும் அதைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம், மார்ச் கடைசியில் சீமையிலிருந்து ஒரு பிரபு நம் துறைக்கு வருகிற அன்று முதல் வரிசையில் நிற்கலாம், இஷ்டப்பட்டவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறது. நீ போய்ப் பெயர் கொடுத்துவிட்டாய் என்று ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சொன்னான். 

மருதப்பா, இங்கே என்னைப் பட்டாளத்து ஹவில்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் சொன்னேன், யார் என்ன செய்ய முடியும்? பஸ்ரா சேவகத்துக்கு நமக்குக் கொடுத்தது வெண்கலம். பட்டாளத்தாருக்கு வெள்ளி, கூலியாட்களுக்கு வெண்கலம். இங்கே அது பாதிப் பேருக்குத் தெரியும். அதனால் தேக்காவில் ஒரு பத்தரைப் பிடித்து என்னுடையதற்கு வெள்ளி முலாம் பூசிக்கொண்டேன். விளிம்பில் பெயருக்குப் பக்கத்தில் ஸ்வீப்பர் என்று இங்கிலீஷில் வெட்டியிருந்தார்களே, அதையும் அரம் போட்டு ராவச் சொல்லிவிட்டேன். உன்னுடையதில் அது அப்படியே இருக்கும். நீயும் நானும் ஒரே கப்பலில் வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நீ வெண்கலத்தைக் குத்திக்கொண்டு பக்கத்தில் நின்றால், யாராவது ஒருவன் கேட்பான். ஒருவன் கேட்டால் போதும்.

என் மகள் சரஸ்வதிக்கு மளிகைக்கடை வயிரவன் சேர்வை மகனைப் பேசியிருக்கிறோம். சேர்வைக்கு ஹவில்தார் சம்பந்தி என்றால் வாயெல்லாம் பல். பிரபு வருகிற அன்று வந்து என்னைப் பார்த்துவிட்டு, மறு வெள்ளிக்கிழமை பரிசம் போடுகிறேன் என்கிறார். அதைக் கெடுத்துவிடாதே. ஆபீசுக்குப் போய்ப் பெயரை எடுத்துவிடு. உன்னை மூட்டை வேலையிலிருந்து மாற்றி நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை போட்டுத் தருகிறேன்.

சேதுபதி

தஞ்சோங் பகார், கூலி லயம்
பிப்ரவரி 10

அண்ணே,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. இங்கே வந்து மூன்று வருஷத்தில் நீங்கள் என்னிடம் பேசியதெல்லாம் "தூக்கு", "இறக்கு", "தள்ளு". ஒரு கடிதம் முழுக்க என் பெயரை எழுதியிருக்கிறீர்களே, பயம் வந்தால்தான் அண்ணனுக்குத் தம்பி ஞாபகம் வருகிறது.

ஸ்வீப்பர் என்று எழுதியதை ராவிவிட்டீர்களா? நல்ல காரியம். எனக்கு அது உறுத்தவில்லை. மூட்டை இறக்கத்தானே நம்மை மதராசில் பிடித்துக்கொண்டு போனார்கள்? பஸ்ராவில் காலரா வந்து, கக்கூஸ் அள்ளுகிறவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போனதும் கேப்டன் நம் கூட்டத்தை அப்படியே வாளிக்கு மாற்றினான். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். சவுக்கால் அடித்தான். மறுநாளும் மாட்டேன் என்றீர்கள். அன்றைக்கு உங்கள் வாளியையும் நான்தான் தூக்கினேன். அதற்கடுத்த நாள் நீங்களே தூக்கினீர்கள், மூக்கைச் சுற்றித் துணி கட்டிவிட்டது நான். சாயங்காலம் கூடாரத்தில் கரித்துண்டை எடுத்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அங்கே நாம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் அண்ணே, அதை அன்னம்மா மதினியிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

என் பெயரை நான் எடுக்கப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் என் அப்பனுக்குப் பெயர் இருந்ததா என்றே எனக்குச் சந்தேகம், எல்லோரும் "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள். என் பெயரை ஒருவன் உலோகத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறான். பக்கத்தில் எந்த வேலையைப் போட்டிருந்தால் என்ன? என் பெண்டாட்டி முத்தாயி அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, ஒரு ஆளு பொட்டுத் துணியில்லாமக் குதிரைமேல உக்காந்திருக்கான், சீமையில வண்ணான் கெடையாதா?" என்று கேட்கிறாள். இருந்தாலும் தினம் ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறாள்.

உங்களைப் பற்றி நான் மூச்சு விடமாட்டேன். வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறேன். நீங்கள் முதல் ஆளாக நில்லுங்கள். சரஸ்வதிப் பாப்பா கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். நிழல் வேலை வேண்டாம், மூட்டையே போதும்.

உங்கள் தம்பி
மருதப்பன்

தேக்கா
பிப்ரவரி 14

மருதப்பனுக்கு,

அண்ணே, மதினி என்று உறவு கொண்டாடுகிற வேலையை இன்றோடு விட்டுவிடு. பஸ்ராவில் யுத்தம் நடந்தது, சாவு நடந்தது, அங்கே நடந்ததெல்லாம் கணக்கில் சேராது. ஒரே தட்டில் சாப்பிட்டேனாம்! இன்னொரு தரம் அதை எழுதினால் அந்தக் கையை ஒடிப்பேன். உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூச்சு விடமாட்டாயாம். நீ மூச்சு விட வேண்டியதில்லை, நின்றாலே போதும், அதைத்தான் சொல்கிறேன். உன் மண்டையில் ஏறவில்லை. மூட்டை தூக்குகிற சேரிப் பயலுக்கு மார்பில் என்ன அலங்காரம் வேண்டிக்கிடக்கிறது? உன் பெயர் உலோகத்தில் இருந்தால் உன்னை யாராவது முன் வாசலில் விடப்போகிறார்களா?

கடைசியாகக் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குள் பெயரை எடு. எடுக்காவிட்டால் நானே உன்னைத் துரையிடம் கூட்டிக்கொண்டு போய், "ஐயா, இவனுடைய பதக்கத்தின் விளிம்பைப் படியுங்கள்" என்று காட்டுவேன். துறைக் கக்கூசில் போன மாதத்திலிருந்து ஆள் இல்லை. அனுபவமுள்ள ஆள் கிடைத்தால் துரைக்குச் சந்தோஷம்தான். யோசித்துக்கொள்.

சேதுபதி

புக்கிட் மேரா அடிவாரம்
பிப்ரவரி 27

மண்டோர் ஐயா அவர்களுக்கு,

சொன்னபடி செய்துவிட்டீர்கள். துரை என் பதக்கத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. என் தோளில் தட்டினார். கிராணி அதைத் தமிழில் சொன்னபோது நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். "உன்னைப் போய் மூட்டை தூக்க வெச்சிருந்தோமேன்னு துரை வருத்தப்படுறாரு. இனிமே உனக்குத் தெரிஞ்ச வேலையே உனக்கு." நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள்.

அன்றைக்கே லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கக்கூஸ்காரன் மற்றவர்களோடு ஒரு கூரையில் இருக்கக்கூடாதாம். அதைச் சொல்ல வந்தவனும் எங்கள் ஜனம்தான், நேற்றுவரை என்னோடு கஞ்சி குடித்தவன். முத்தாயி குழாயடியில் குடத்தை வைத்தாள். அவளுக்கு முந்தி நின்ற பெண் ஒருத்தி, தன் பேறுகாலத்தை முத்தாயி கையால் பார்த்துக்கொண்டவள், அந்தக் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள். முத்தாயி உடைந்த குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்து மூட்டையைக் கட்டினாள். இப்போது இந்தக் குன்றடியில் ஒரு அத்தாப்பு ஓலைக் குடிசையில் இருக்கிறோம். மழை பெய்தால் செம்மண் தண்ணீர் உள்ளே வருகிறது.

"அந்தச் சனியனைக் கடல்ல வீசிட்டு மண்டோர் காலுல போய் விழு" என்கிறாள் முத்தாயி. நானும் ஒரு வாரம் யோசித்தேன் ஐயா. பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கக்கூஸ் கழுவுகிற இடத்தில் அதைக் குத்திக்கொண்டு நின்றால் அதற்குத்தான் அவமானம் என்று பட்டது.

பிறகு தோன்றியது, இதே வேலைக்குத்தானே கொடுத்தார்கள்? நோட்டீசில் வேலை நேரத்தில் குத்திக்கொள்ளலாம் என்றுதான் போட்டிருக்கிறது. எந்த வேலை என்று போடவில்லை. நாளை முதல் குத்திக்கொண்டு போகிறேன்.

மருதப்பன்

தேக்கா
மார்ச் 8

மருதப்பனுக்கு,

நாலு நாள் ஆட்டம் போட்டுவிட்டு அடங்குவாய் என்று பார்த்தேன். விளக்குமாறும் வாளியுமாக, மார்பில் நாடாவும் பதக்கமும் தொங்க, கக்கூஸ் வாசலில் நிற்கிறாயாமே. வேஷக்காரன் தோற்றான். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்பதைத் தெரிந்துகொள். என்னுடையது வெள்ளி. கண்ணாடிப் பெட்டியில் வைத்து வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். வயிரவன் சேர்வை நேற்று வந்தவர் அதன் முன்னால் நின்று, "சம்பந்தி, இதுக்குன்னே ஒரு களை இருக்கு பாருங்க" என்றார். பிரபு வருகிற அன்றுதான் வெளியே எடுப்பேன். உன்னைப் போலத் தினம் காட்டினால் மதிப்புப் போய்விடும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். என் ஆட்கள் வேலைக்கு நடுவில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள், நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். நீ என்ன கிளப்பிவிட்டாய்? நாளையிலிருந்து அதைக் கழற்றிவிட்டு வேலைக்கு வா. இது மண்டோர் உத்தரவு. உன் பெண்டாட்டி மண் சுமக்கிற இடத்திலும் எனக்கு ஆள் உண்டு.

வாளி பழகிய கைக்கு வாளியே போதும்.

சேதுபதி

புக்கிட் மேரா
மார்ச் 12

மண்டோர் ஐயா,

கக்கூஸ் இப்போது உங்கள் கையில் இல்லை, சுகாதார ஆபீசரின் கீழே போய்விட்டது. நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள், மறந்துவிட்டீர்களா? அதனால் உங்கள் உத்தரவு வாசலோடு நின்றுவிட்டது. முத்தாயி மண் சுமக்கிற வேலையைப் போன வாரமே விட்டுவிட்டாள். இங்கே செங்கல் சூளையில் சேர்ந்திருக்கிறாள். அடுத்தது எதைப் பிடுங்குவீர்கள் என்று யோசியுங்கள், எனக்குத் தெரியவில்லை.

சிரிப்புக்குக் காரணம் கேட்டீர்கள். நான் ஒன்றும் கிளப்பவில்லை. அவர்களாகவே ஆரம்பித்தார்கள். முதல் நாள் ஒருவன் உள்ளே வந்தவன் என் பதக்கத்தைக் குனிந்து பார்த்தான். "யாரு இது, அம்மணமாக் குதிரையில?" என்றான். சாயங்காலத்துக்குள் துறை முழுக்கப் பரவிவிட்டது. இப்போது யாருக்கு வயிறு கலக்கினாலும், "குதிரைக்காரனைப் பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடி வருகிறார்கள். மலாய்ப் படகுக்காரர்கள் என்னைக் கண்டால் விறைப்பாக நின்று, "தாபே, துவான்" என்று சலாம் வைத்துவிட்டு கைலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது ஐயா. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

தஞ்சோங் பகாரில் அந்தக் குதிரையை அறியாத ஆள் இப்போது ஒருவன்கூட இல்லை. நாடாவின் நிறம்கூட எல்லோருக்கும் மனப்பாடம், நடுவில் ஆரஞ்சு, இரண்டு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலம். உங்கள் மார்பில் வெள்ளிக் குதிரை, என் மார்பில் வெண்கலக் குதிரை. வெள்ளி பத்திரம். பிரபு வருகிற அன்று நீங்கள் அதைக் குத்திக்கொண்டு நடந்து வருவதைப் பார்க்க எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள். நானும்தான்.

மருதப்பன்

தேக்கா
மார்ச் 26

தம்பி மருதப்பனுக்கு,

இதைப் படித்தவுடன் கிழித்துப்போடு.

நேற்று நான் வேலையிலிருந்து வந்தபோது அன்னம்மா சிரித்த முகமாக வாசலிலேயே நின்றாள். "உங்க மெடலைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வெச்சிருக்கேன்" என்றாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அதை எடுத்து, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். சரஸ்வதியும் சேர்ந்து தேய்த்திருக்கிறாள். கல்யாண வீடாயிற்றே, எல்லாம் பளபளவென்று இருக்கட்டும் என்று. வெள்ளியெல்லாம் சாம்பலோடு போய்விட்டது. உள்ளே இருந்த வெண்கலம் தங்கம் மாதிரி மின்னுகிறது. "பாருங்க, அழுக்கு போனதும் உள்ள தங்கம்" என்று அன்னம்மா பூரித்துப்போகிறாள். அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

திரும்ப முலாம் பூச அந்தப் பத்தர் ஊரில் இல்லை. வேறு ஆளிடம் கொடுக்கவும் பயம். வெண்கலத்தைக் குத்திக்கொண்டு, நீ ஊரறியச் செய்த அந்தக் குதிரையோடு என்னால் நிற்க முடியுமா? ரோச்சோர் கால்வாயில் வீசிவிட்டேன். துரையிடம் போய், பதக்கம் திருட்டுப் போய்விட்டது, நான் வரிசையில் நிற்கவில்லை என்று சொன்னேன். துரை கேட்கவில்லை. பிரபுவுக்கு முன்னால் முதல் ஆளாகத் தலைமை மண்டோர்தான் நிற்க வேண்டும், பெயர் அச்சடித்தாயிற்று என்கிறார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. "அந்தக் கக்கூஸ்காரனிடம் ஒன்று இருக்கிறதே, அவனை அன்றைக்கு நிறுத்த முடியாது, நாற்றம் அடிப்பான். அவனுடையதை வாங்கி நீ குத்திக்கொள்" என்றார். கிராணி அதைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டான்.

மருதப்பா, உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். ஆபீஸ் ஆள் வந்து கேட்கும்போது, தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடு. உன்னிடமும் இல்லை என்றால் துரை என்னை விட்டுவிடுவார். அந்த ஒரு நாள் ஒளித்து வை. அது போதும். பஸ்ராவில் என் வாளியை ஒரு நாள் தூக்கினாயே, அதே மாதிரி இதையும் செய்.

உன் அண்ணன்
சேதுபதி

புக்கிட் மேரா
மார்ச் 29

மண்டோர் ஐயா,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. ஆபீஸ் ஆள் மத்தியானம் வந்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கழற்றிக் கொடுத்தேன்.

துடைக்காமல் கொடுத்தேன்.

வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். அதையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாற்றம் அடிப்பேனாம்.  நீங்கள் எழுதியதில் அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். அதை மறைத்திருக்கலாம். என்னிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்தீர்களோ, இல்லை எனக்கு வலிக்காது என்றே நினைத்தீர்களோ!

நாளைக்கு எனக்கு லீவு கொடுத்திருக்கிறார்கள், பிரபு கண்ணில் படக்கூடாதென்று. நான் லீவு எடுக்கப் போவதில்லை. கக்கூஸ் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பார்க்கப் போகிறேன். என் பெயரை நீங்கள் எப்படிச் சுமக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.

மருதப்பன்

தேக்கா
ஏப்ரல் 3

மருதப்பனுக்கு,

பார்த்தாயா? நன்றாகப் பார்த்தாயா? சுவர்மேல் உட்கார்ந்திருந்தாய், நான் பார்த்தேன். நீ மட்டும்தான் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. சிரித்திருந்தால் நான் உன்னைத் தீர்த்திருப்பேன்.

நான் நடக்க ஆரம்பித்ததும் முதல் ஆள் மூக்கைப் பிடித்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். துரைமார் பக்கத்தில் நின்றதால் ஒருவனும் சத்தம் போடவில்லை. எல்லோரும் விறைப்பாக, கண்ணை நேராக வைத்துக்கொண்டு, ஒரு கையால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் கையின்கீழ் சோறு தின்கிற பயல்கள். பிரபு அதை ஏதோ தமிழ் மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். என் மார்பிலிருந்த பதக்கத்தை விரலால் தொட்டார். பக்கத்து துரை ஏதோ சொன்னார், பிரபு சிரித்தார், அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனையும்.

வயிரவன் சேர்வை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் வீட்டுக்கு வந்தவர் உட்காரவே இல்லை. "ஏன்யா எல்லாப் பயலும் மூக்கைப் புடிச்சான்? அது அந்தக் கக்கூஸ்காரனோட மெடலாமே? ஒன்னோடது எங்க? நீயும் அவனும் ஒரே கப்பல்ல வந்தீங்களாமே?" என்று அடுக்கிக்கொண்டே போனார். திருட்டுப் போனது, துரை உத்தரவு, கூலிக்காரப் பயல்களின் கேலி என்று எதை எதையோ சொன்னேன். "எனக்கு வேற ஒரு சந்தேகம் இருக்கு. அதை வாய்விட்டுச் சொல்லவே கூசுது. அந்த ஆளையே போய்க் கேட்டுக்குறேன்" என்று போய்விட்டார். உன்னைத்தான் கேட்க வருவார்.

சரஸ்வதி சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. குழந்தை என்னைப் பார்த்து, "அப்பா, நான் மெடலைத் தேய்ச்சதுனாலயா?" என்று கேட்கிறாள்.

உன்னைக் கெடுத்ததற்கு என்னைத் தண்டித்துவிட்டாய். போதும். சேர்வை வந்தால் ஒரு வார்த்தை சொல். சேதுபதி ஹவில்தார், துப்பாக்கியோடு பார்த்திருக்கிறேன் என்று சொல். இல்லை, உனக்கு எது தோன்றுகிறதோ அதைச் சொல். வாளியை மட்டும் சொல்லாதே. அதைச் சொன்னால் என் பெண்ணை இந்த ஊரில் ஒருவனும் தொடமாட்டான். அவள் உனக்கு ஒன்றும் செய்யவில்லை.

சேதுபதி

புக்கிட் மேரா
ஏப்ரல் 9

சேதுபதி அவர்களுக்கு,

வயிரவன் சேர்வை வந்தார். குடிசைக்கு வரவில்லை, கக்கூசுக்கே வந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் எட்டி நின்று, துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கூப்பிட்டார். ஆபீசிலிருந்து திரும்பி வந்த பதக்கத்தை நான் குத்திக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்தே பேசினார்.

"ஏய், பஸ்ராவுக்குப் போயிருந்தியா?"

"போயிருந்தேன்."

"அங்க என்ன வேலை?"

"இதே வேலைதாங்க."

"சேதுபதி மண்டோரும் உன்கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. கையால் வாளி தூக்குகிற மாதிரி காட்டினார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? முத்தாயியின் குடம் உடைந்த சத்தம் காதிலேயே இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், பொய் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய ஹவில்தார் கதையைச் சொல்ல நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. என்னை எங்கே அனுப்பினீர்களோ அங்கே நின்றுகொண்டு உங்களுக்குச் சலாம் போட நான் தயாரில்லை.

"மண்டோரா? பஸ்ராவுலயா?" என்றேன். "நான் பார்த்ததே இல்லீங்களே."

"ஒரே கப்பல்ல வந்தீங்கன்னாங்க?"

"கப்பல் நாகப்பட்டினத்துலயும் நின்னுச்சுங்க. யார் யாரோ ஏறுனாங்க."

"அப்ப அந்தாளு பட்டாளத்துக்கே போகலியா?"

"போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சேர்வை துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "பொய்க்காரப் பய! கடையில வாங்குன மெடலை மாட்டிக்கிட்டு ஊரை ஏச்சிருக்கான். அதான் ஆளுங்க மூக்கைப் புடிச்சுக் கேலி பண்ணியிருக்கானுங்க. நான் வேற என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன்" என்றார். "பொய் சொல்றவன் வீட்டுல பொண்ணு எடுக்கலாம், அதுல ஒண்ணும் ஒட்டாது" என்றும் சொன்னார், என்னிடமே, என் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டு. பரிசத்துக்கு நாள் பார்க்கப் போகிறாராம். இந்நேரம் உங்களுக்கே செய்தி வந்திருக்கும்.

போகிற வழியெல்லாம் அவர் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். நேற்றிலிருந்து துறையிலும் தேக்காவிலும் இதே பேச்சுத்தான். சேதுபதி யுத்தத்துக்கே போகாதவன், சண்டைக் கப்பலைக்கூடப் பார்க்காதவன், ஹவில்தார் வேஷம் போட்டவன். உங்களை இனி ஹவில்தார் என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். சிறு பையன்கள்கூடக் கூப்பிடுவார்கள். நீங்கள் போனதும், காலராவில் பிழைத்ததும், அடி வாங்கியதும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் வாயைத் திறந்து நான் நிஜமாகப் போனேன் என்று சொன்னால், எதற்குப் போனாய் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் சொல்ல முடியாது. பேரன் பிறந்தாலும் சொல்ல முடியாது. சரஸ்வதிக்கு அவள் அப்பன் ஒரு பொய்க்காரன் என்பதுதான் கடைசிவரை தெரிந்திருக்கும்.

சரஸ்வதிப் பாப்பா சாப்பிட ஆரம்பித்திருப்பாள். அது எனக்குச் சந்தோஷம்தான்.

"பஸ்ராவுல ஒன்கூட ஒருத்தர் இருந்தாருன்னு சொல்லுவியே, நல்ல மனுஷன்னு, அவரு என்ன ஆனாரு?" என்று முத்தாயி நேற்றுக் கேட்டாள். அது நீங்கள்தான் என்று அவளிடம் நான் எப்போதுமே சொன்னதில்லை. அந்தக் காலராவில் அவரும் போய்விட்டார் என்று சொன்னேன். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். தபால்காரன் சேதுபதி என்ற பெயரில் கடிதம் கொண்டுவந்தால், அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

மருதப்பன்